ஏழாம் எண்ணின் கணக்குப் புத்தகம்

2016 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறரை மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. கோவை கணபதியில் எங்கள் பட்டறைக்கு அன்று விடுமுறை. வீட்டைவிட அங்கே இணையம் வேகமாக வரும் என்பதால் முந்தைய நாள் மாலையிலிருந்தே அலுவலக அறையில் லேப்டாப்பின் முன்னால் கிடந்தேன். பிரான்ஸில் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயம் முடியப்போகிறது. டொயோட்டாவின் 5-ஆம் எண் கார் முதலிடத்தில் ஓடுகிறது. கஸூகி நகஜிமா ஓட்டுகிறார். 1991-இல் மஸ்டா வென்றதற்குப் பிறகு எந்த ஜப்பானிய நிறுவனமும் அங்கே வென்றதில்லை. வாங்கி வைத்திருந்த மைசூர்பாகுப் பெட்டியை இப்போதே பிரித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கார் திடீரென்று வேகம் இழந்தது. ஊர்ந்து ஊர்ந்து வந்து, பந்தயக் கோட்டருகே நின்றேவிட்டது. மூன்று நிமிடச் சொச்சம்தான் பாக்கி. பின்னால் வந்த 2-ஆம் எண் போர்ஷே அதைக் கடந்து போனது. நகஜிமா எப்படியோ காரை மறுபடி கிளப்பிக் கடைசிச் சுற்றை முடித்தார். ஆனால் கடைசிச் சுற்றை ஆறு நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும் என்பது விதி. அவருக்குப் பதினோரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாம் இடம்கூடக் கிடைக்கவில்லை. முடிவுப் பட்டியலில் அந்தக் காருக்கு இடமே இல்லை.

பிறகு காரணம் வெளியானது. டர்போசார்ஜருக்கும் இண்டர்கூலருக்கும் நடுவே காற்று போகும் குழாயில் ஓர் இணைப்பு பழுதாகியிருந்தது. நாங்கள் பட்டறையில் செய்வதே பம்ப்செட்டுக்கான குழாய் இணைப்புகளும் கிளாம்ப்புகளும்தான். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது; போய்ப் பார்த்தால் ஏதாவது ஓர் இணைப்பில் காற்று இழுத்துக்கொண்டிருக்கும். இத்தனை வருடத் தொழிலில் நான் வாங்கிய திட்டில் பாதி அந்த வகைத் திட்டுதான். உலகத்தின் ஒரு பெரிய கார் நிறுவனம், 23 மணி 56 நிமிடம் ஓடிவிட்டு, என் மேசை மேல் கிடக்கும் சாமானைப் போன்ற ஒன்றால் தோற்கிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதுவரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு டொயோட்டாக்காரன் ஆகிவிட்டேன். மைசூர்பாகு திங்கட்கிழமை பட்டறைப் பையன்களுக்குப் போனது.

நெடுநேரப் பந்தயத்தில் ஓர் அணியைப் பின்தொடர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கிரிக்கெட் பார்ப்பதுபோல் இதைப் பார்க்காதீர்கள் என்பதுதான். லெ மான் களத்தின் ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். அறுபதுக்கும் மேற்பட்ட கார்கள், மூன்று பிரிவுகளாக, ஒரே சாலையில் ஓடுகின்றன. முதல் பிரிவுக் கார் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் உங்கள் கார் எப்போது தெரியும் என்று யாருக்கும் தெரியாது. நேரில் போனாலும் மூன்றரை நிமிடத்தில் நான்கைந்து நொடிதான் கண்ணில் படும். மிச்ச நேரமெல்லாம் அது காதிலும் கணக்கிலும்தான் ஓடும்.

ஆகவே நான் நோட்டு போட்டேன். பட்டறையில் வரவு செலவு எழுதும் அதே நீளக் கணக்கு நோட்டுதான். எரிபொருள் நிரப்பவும் டயர் மாற்றவும் நிற்கும் இடமான பிட்டுக்குள் கார் வந்த சுற்று எண், நேரம், யார் இறங்கி யார் ஏறினார், டயர் மாற்றினார்களா இல்லையா. இவ்வளவுதான் பத்திகள். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் இந்தக் கார்கள் சுமார் 12 சுற்று ஓடும், அதாவது 160 கிலோமீட்டர் சொச்சம். முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாக ஒருமுறை பிட்டுக்கு வந்தே ஆக வேண்டும். இது தெரியாதவருக்குத் திரையில் 'முதலிடம்' என்று காட்டும் கார்தான் முன்னணி. தெரிந்தவருக்கு, இன்னும் இரண்டு சுற்றில் உள்ளே போகப்போகிற கார் அது, உண்மையில் மூன்றாவது. எதிர் அணியின் கார் பதினொன்றாவது சுற்றிலேயே வருகிறதா, பன்னிரண்டாவதுவரை இழுக்கிறதா என்று நான்கு மணி நேரம் எழுதி வந்தால், ஞாயிறு மதியம் யாருக்குக் கூடுதலாக ஒருமுறை நிற்க வேண்டி வரும் என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும். வர்ணனையாளர் சொல்வதற்கு அரை மணி நேரம் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிற அந்தச் சின்ன ஆணவம் இருக்கிறதே, அதற்காகவே இந்தப் பந்தயத்தைப் பார்க்கலாம்.

அடுத்தது, அணியைப் பிடித்தால் போதாது, எண்ணையும் பிடிக்க வேண்டும். ஓர் அணிக்கு இரண்டு கார் இருக்கும்போது, 'எது வென்றாலும் சரி' என்பவர் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கிவிடுவார்; அவருக்குப் பந்தயமும் பாதிதான் கிடைக்கும். நான் 7-ஐப் பிடித்தேன். காமுயி கோபயாஷி 2017-இல் தகுதிச் சுற்றில் 3 நிமிடம் 14.791 நொடியில் ஓட்டிக் களத்தின் சாதனையை உடைத்த கார் அது. அந்த ஆண்டே நடு இரவுக்குப் பிறகு கிளட்ச் போய்விட்டது. போன விதம்தான் வேடிக்கை. ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் மெதுவாக்க முன்னால் விடும் சேஃப்டி கார் ஓடும்போது, கோபயாஷி பிட்டிலிருந்து வெளியேறும் இடத்தில் சிவப்பு விளக்குக்காக நிற்கிறார். ஆரஞ்சு உடை போட்ட ஒருவர் வந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். களப் பணியாளர் என்று நினைத்து இவர் காரைக் கிளப்ப, அணியினர் நிறுத்தச் சொல்ல, இப்படிக் கிளம்பி நின்று கிளம்பியதில் கிளட்ச் கருகிவிட்டது. வந்தவர் களப் பணியாளரே இல்லை. வேறோர் அணியின் ஓட்டுநர், வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார்! நல்லெண்ணத்தால் ஒரு கிளட்ச் வெந்த கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

2018-இல் டொயோட்டா முதன்முறையாக வென்றது. அலோன்சோ, புவெமி, நகஜிமா ஓட்டிய 8-ஆம் எண். 2016-இல் கோட்டருகே நின்ற நகஜிமாவே கடைசிச் சுற்றை ஓட்டி முடித்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் என் கார் இரண்டாவது. 2019-இல் கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போது 7 முன்னால் போய்க்கொண்டிருந்தது. டயர் ஒன்றில் காற்று இறங்குவதாக எச்சரிக்கை வந்தது. உள்ளே அழைத்து ஒரு டயரை மாற்றினார்கள். சென்சார் ஒயர்கள் இடம் மாறியிருந்ததால் மாற்றியது தவறான டயர்! மறுபடி உள்ளே வர வேண்டியதாயிற்று. வென்றது 8. 2020-லும் 8-தான். கடைசியில் 2021 ஆகஸ்டில் கான்வே, கோபயாஷி, லோபஸ் மூவரும் 7-ஐ முதலில் கொண்டுவந்து சேர்த்தபோது, என் நோட்டின் அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தூக்கம்தான் பெரிய கேள்வி. இப்போது பந்தயம் அங்கே மாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. நமக்கு இரவு ஏழரை. முழு இரவும் விழித்திருப்பேன் என்று சபதம் எடுப்பவர்கள் அதிகாலை மூன்று மணிக்கு நாற்காலியிலேயே சாய்ந்து, எழுந்து பார்க்கும்போது தங்கள் கார் பட்டியலிலேயே இருக்காது. எனக்கு நடந்திருக்கிறது. ஜூனில் அங்கே இருட்டுவதே இரவு பத்து மணிக்கு மேல்தான், நம் நேரப்படி ஒன்றரை. ஆக அவர்களுடைய இருட்டு நம்முடைய விடியல். முதல் மூன்று மணி நேரம் பாருங்கள், பதினொன்றுக்குப் படுங்கள், நான்கு மணிக்கு எழுந்து காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள். இரவு ஓட்டத்தின் நல்ல பகுதி மிச்சம் இருக்கும். ஞாயிறு மதியம் மூன்றரைக்கு மேல் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். இதுதான் கடினம். ஜூன் நடுவில் வைகாசி முடிந்து ஆனி பிறக்கும். கல்யாணம் இல்லாத ஞாயிறு நம் ஊரில் ஏது? ஒரு முறை திருப்பூரில் சித்தப்பா மகள் வரவேற்பில் பந்தியில் உட்கார்ந்து, இலைக்குக் கீழே செல்போனை வைத்துக் கார்களின் நேரடி நேரப்பட்டியலைப் பார்த்தேன். ரசம் போனின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு மொய்யை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன்.

2024-இல்தான் நேரில் போக முடிந்தது. முந்தைய ஆண்டு, பந்தயத்தின் நூற்றாண்டில், ஃபெராரி வந்து டொயோட்டாவின் தொடர் வெற்றியை முறித்திருந்தது. அந்தப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு கார்களின் வேகத்தைச் சமன்படுத்தும் விதியின்கீழ் டொயோட்டாவின் எடையில் 37 கிலோ கூட்டினார்கள், ஃபெராரிக்கு 24. இதைப் பற்றி ரசிகர்கள் வாதாட ஆரம்பித்தால் விடியாது. நான் அந்தப் பக்கமே போவதில்லை. தராசு யார் கையில் இருந்தாலும் எடைக்கல்லைப் பற்றிப் புகார் இருக்கும்.

பயணத்துக்கு நுழைவுச்சீட்டை முதலில் வாங்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. பொது நுழைவுச்சீட்டு வைத்திருந்தால் களத்தைச் சுற்றிப் பல இடங்களில் நடந்து பார்க்கலாம். மேடை இருக்கைக்குத் தனிச்சீட்டு. முதல் முறை போகிறவருக்கு மேடை இருக்கை வீண் என்பது என் கருத்து, கால் வலிக்காரர் தவிர. விசாவுக்கு ஜூன் மாதக் கூட்டத்தை எண்ணிப் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். தங்கும் இடத்தில் நான் ஏமாந்தேன். லெ மான் ஊருக்குள் பதிவு செய்திருந்த அறையை, பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வீட்டுக்காரர் ரத்து செய்துவிட்டார். அதே அறை மறுநாள் மூன்று மடங்கு விலையில் இருந்ததையும் பார்த்தேன். பிறகு ஆன்ஜே என்ற பக்கத்து நகரத்தில் இடம் பிடித்து, ரயிலில் போய் வந்தேன். யோசித்தால் அதுவே நல்லது. லெ மான் ரயில் நிலையத்திலிருந்து களத்துக்கு டிராம் போகிறது. பாரிஸிலேயே தங்கினாலும் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

வெள்ளிக்கிழமை ஊருக்குள் ஓட்டுநர்கள் பழைய திறந்த கார்களில் ஊர்வலமாக வருவார்கள். சுவாமி புறப்பாடு போலத்தான். பிரசாதத்துக்குப் பதில் தொப்பி எறிகிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள், கட்டணமும் கிடையாது. எங்கள் 7-இல் அந்த ஆண்டு ஒரு மாற்றம். மைக் கான்வே சைக்கிள் பயிற்சியில் விழுந்து காலர் எலும்பையும் விலா எலும்புகளையும் முறித்துக்கொண்டதால், அந்தப் பருவத்தில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த லோபஸைத் திரும்ப அழைத்திருந்தார்கள். கோபயாஷியும் லோபஸும் நிக் டி வ்ரீஸும் ஒரே காரில் போனார்கள். நான் "லோபஸ்!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

சனிக்கிழமை பிட் சுவருக்கு எதிரே நின்றபோது ஊர் ஞாபகம் வந்தது. 2009-இல் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் இங்கே ஆடி காரில் ஓட்ட வந்து, பந்தயத்துக்குச் சற்று முன் அந்தச் சுவரருகே விழுந்து தோள் மூட்டு விலகி, ஓட்ட முடியாமலே திரும்பினார். இங்கே பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்ற இடம் 2012-இல் சென்னையின் கருண் சந்தோக்குக்குப் போனது. அந்தச் சுவர் அப்படியொன்றும் உயரமில்லை. நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் மூன்று லட்சத்துக்கும் மேல். அவ்வளவு பேர் ஒரே இடத்தில் செல்போனைத் திறந்தால் இணைப்பு திணறும்; நேரப்பட்டியல் வரவே வராது. கையடக்க எஃப்.எம். ரேடியோ ஒன்று அவசியம். ஆங்கில வர்ணனை அதில் வரும். காதடைப்பானும் வேண்டும். ஹைபிரிட் கார்கள் அவ்வளவு இரைவதில்லை என்று நம்பிப் போனேன், காடிலாக்கின் 5.5 லிட்டர் வி8 எஞ்சின் முதல் சுற்றிலேயே நெஞ்சுக்கூட்டை உலுக்கிவிட்டது. இன்னொன்று, ஒரு ஸ்டாப்வாட்ச். உங்கள் கார் கடக்கும்போது அழுத்துங்கள். மூன்றரை நிமிடத்தில் திரும்ப வர வேண்டும். பிட்டுக்குப் போனால் இன்னும் ஒரு நிமிடம் கூடும். அதையும் தாண்டி முள் ஓடினால் வயிற்றைப் பிசையும். ரேடியோ சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும், அந்தத் தெரிதல் ஒன்றும் இன்பமானது அல்ல.

7 அன்று 23-ஆவது இடத்திலிருந்து கிளம்பியது. தகுதிச் சுற்றில் கோபயாஷி சறுக்கியதன் விலை. இருட்டுவதற்குள் அது மேலே ஏறி வந்த விதத்தை எழுதி மாளாது. என் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. அல்லது இருந்தது.

நள்ளிரவில் பஸ் ஏறி ஆர்னாஜ் வளைவுக்குப் போனேன். களத்திலேயே மிக மெதுவான வளைவுகளில் ஒன்று என்பதால் கார்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். இருட்டில் பிரேக் தட்டுகள் கொல்லன் உலையில் பழுத்த இரும்புபோல் சிவந்து வருவதைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. பார்த்தேன். அரை மணி நேரத்தில் மழை வலுத்துவிட்டது. நம் ஊர் ஐப்பசி மழை இல்லை அது. காற்றோடு சாய்ந்து வந்து சட்டைக்குள் இறங்குகிற குளிர் மழை. கோவையில் வாங்கிய ரெயின்கோட் தோளில் தையல் விட்டது. ஜூன் என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் கொண்டு போகவில்லை. இந்தத் தவறை யாரும் செய்ய வேண்டாம். விடியலுக்கு முன் சேஃப்டி கார் வந்தது, காலை எட்டு மணி வரை போகவே இல்லை. நான்கு மணி நேரத்துக்கும் மேல் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக, கல்யாண ஊர்வலம்போல் ஊர்ந்துகொண்டிருந்தன.

என் பக்கத்தில் வயதான ஜெர்மன் தம்பதி ஒரு பெரிய தார்ப்பாயைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். கொலோன் நகரத்துக்காரர்கள். டொயோட்டா அணியின் தலைமையிடமே கொலோனில்தான் இருக்கிறது. ஜப்பானிய அணியின் உள்ளூர் ரசிகர்கள் ஜெர்மானியர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாள் நான் நடுங்குவதைப் பார்த்துத் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, உள்ளே வா என்று கையால் காட்டினார். உள்ளே போனால் பெரியவர் மடியில் ஒரு நோட்டு. சுற்று எண், நேரம், ஓட்டுநர், டயர். அதே பத்திகள்! என் நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். ஜெல் பேனா மை முழுவதும் கரைந்து, மாலை நான்கு மணியிலிருந்து எழுதியதெல்லாம் நீலக் குட்டையாகக் கிடந்தது. அவருடையது பென்சில். ஓர் எழுத்து அழியவில்லை. இரவு பூராவும் எனக்கு ஓர் எண் சந்தேகம் வந்தால் அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். எங்களுக்குள் பொது மொழி எண்கள்தான்.

சேஃப்டி கார் ஓடிய அந்த நான்கு மணி நேரத்தில் நிறையப் பேர் கூடாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நான் இருந்ததற்கு வீரம் காரணம் இல்லை, பஸ்ஸுக்கான வரிசை அதைவிட நனைந்தது. ஆனால் சொல்கிறேன், 7 கடக்கும் ஒவ்வொரு முறையும் பெரியவர் விரலை லேசாக உயர்த்தினார். அது ஓட்டுநருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நானும் உயர்த்த ஆரம்பித்தேன்.

ஞாயிறு மதியம் மீண்டும் பிட்டுக்கு எதிரே. இருபத்திரண்டு மணி நேரம் கழித்தும் வெற்றி யாருக்கு என்று தெரியவில்லை. முன்னணியில் இருந்த 50-ஆம் எண் ஃபெராரியின் கதவு ஓடும்போதே திறந்துகொண்டது. மூடுவதற்கு அதைப் பிட்டுக்குள் அழைத்தார்கள். எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். ஒரு கதவால் இவர்கள் தோற்கட்டும் என்று நினைத்தேன், 2016-ஐ மறந்து. பிறகு லோபஸ் டன்லப் வளைவில் சுழன்று நொடிகளை இழந்தார். மழை, எரிபொருள் கணக்கு, கடைசி பிட். 24 மணி நேரம் முடிந்தபோது வித்தியாசம் 14.221 நொடி. ஃபெராரி முதலில், 7 இரண்டாவது. ஒன்பது கார்கள் ஒரே எண்ணிக்கைச் சுற்றுகளை முடித்திருந்தன.

கோட்டுக்கு எதிரே நின்றுகொண்டே வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே இரவு ஏழரை தாண்டியிருந்தது. பின்னணியில் குக்கர் விசில் கேட்டது.

"என்னங்க, ஜெயித்தார்களா?" என்று கேட்டாள்.

"இரண்டாவது."

"போன வருடமும் இரண்டாவதுதானே?"

"போன வருடம் 8. இந்த வருடம் 7," என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஈர நோட்டைப் பெட்டிக்குள் துணியோடு வைத்துவிடாதீர்கள், எல்லாவற்றிலும் மை ஏறிவிடும்," என்றாள். ஏற்கெனவே ஏறியிருந்தது.